நாலாவது லேனில் யாரோ

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டே வார்த்தை. லைன் கிளியர். அதைச் சொல்லிவிட்டால், பின்னாலேயே லோட், ஸ்டார்ட் என்றதும் ஜுனைதா சுட்டுவிடுவாள், மாவட்ட விளையாட்டு அலுவலர் திலகவதி மேடம் ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிடுவார், சனிக்கிழமைதோறும் காலையில் இந்தத் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஆகிவிடும், நானும் வீட்டுக்குப் போய்ச் சகுந்தலா வைத்திருக்கிற வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். ரேஞ்ச் ஆபீசராக முப்பது வருஷமாகச் சொல்லிவருகிற வார்த்தைதான். தூக்கத்தில்கூடச் சொல்கிறேனாம். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டும், அதுதான் விதி. சுடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற கோட்டிலிருந்து குறி வட்டம் போட்ட கார்டு மாட்டியிருக்கிற சுவர்வரைக்கும் பத்து மீட்டர், அந்தப் பத்து மீட்டரில் ஆள் இல்லை, நாய் இல்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வருகிற புண்ணியவான் எவனும் இல்லை என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணை ஓட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டினேன். நாலாவது லேனில், கார்டுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஏதோ இருக்கிறது. நேராகப் பார்த்தேன், இல்லை. கொஞ்சம் தள்ளி மூன்றாவது லேனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன், இருக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. கார்டு மாட்டுகிற பிச்சைமுத்து இன்றைக்குச் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தான். கார்டை மாட்டப் போனான், அது தெரியும், செருப்புச் சத்தம் போனது. திரும்பி வந்தானா? அந்த நேரம் பார்த்து மேடத்தின் போன் அடித்தது. வந்தானா, வரவில்லையா. மறுபடி நேராகப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை, சுவர்கூட இல்லை.

நேராகப் பார்த்தால் என் கண்ணில் எதுவும் நிற்காது. இது இங்கே யாருக்கும் தெரியாது. "நடு மட்டும்தான் சார் போகும், ஓரமெல்லாம் இருக்கும்" என்றாள் கண் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண், ஆறுதலாகத்தான் சொன்னாள் பாவம், என் மகள் வயசுதான் இருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து நடுவில் இருக்கிற புள்ளியைப் பாருங்கள் என்றாள். நடுவில் புள்ளி எங்கேம்மா இருக்கிறது என்று கேட்டேன். அவள் எழுதிக்கொண்டாள். சுற்றிலும் கோடெல்லாம் நெளிந்து நெளிந்து வந்து நடுவில் ஓரிடத்தில் ஈரத்துணியால் துடைத்த மாதிரி அழிந்துபோயிருந்தது. எந்த ஆளிடம் வந்து எதைச் சொல்கிறாய் அம்மா என்று கேட்கத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்த காலத்திலிருந்தே, சாயங்காலமானால் இந்த ரேஞ்சுக்கு வந்து, நடுவை விடாதே, நடுவை விடாதே என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஓரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பஸ் ஏறலாம். சுவரில் முட்டிக்கொள்ளாமல் நடக்கலாம். எதிரே வருகிறவருக்குக் காது தெரியும், முகம் இருக்காது. குரலை வைத்து, நடையை வைத்து, செண்ட் வாசனையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வித்தையெல்லாம் இந்த ஒன்றரை வருஷத்தில் பழகிவிட்டது. சகுந்தலாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், கண்ணாடிய மாத்துங்க" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். "மனசு எங்க இருக்கு உங்களுக்கு? அந்தத் துப்பாக்கி மேலயா?" என்று சத்தம் போட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

"சார், ஆரம்பிக்கலாமா?" மேடம் கேட்கிறார். நல்ல மனுஷி, ஆனால் அடுத்து எங்கேயோ போக வேண்டும் போலிருக்கிறது, செருப்பு நுனியால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். "ஒரு நிமிஷம் மேடம்" என்கிறேன், ஏதோ பெரிய விஷயத்தைச் சரிபார்க்கிறவன் மாதிரி. முகத்தைக் கறாராக வைத்துக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. வேறு யாராவது திரும்பிச் சுவரைப் பார்க்கக் கூடாதா? இரண்டாவது லேனில் எட்வின் வீல்சேரில் இருக்கிறான், கரண்ட் கம்பத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போன எலக்ட்ரீஷியன், கையிலும் பலம் பாதிதான், துப்பாக்கியின் கனத்தை ஸ்பிரிங் ஸ்டாண்டு தாங்கிக்கொள்ளும், அவன் கன்னத்தை வைத்து விரலை மட்டும் அசைத்தால் போதும். அவன் கன்னம் வைத்தாகிவிட்டது, இனி அவன் கார்டைத் தவிர எதையும் பார்க்க மாட்டான், நான் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். அவன் பக்கத்தில் பெஞ்சாதி ரோஸ்லின், துப்பாக்கியில் பெல்லட் போட்டுக் கொடுக்கிற லோடர், டப்பாவுக்குள் குனிந்துகொண்டிருக்கிறாள். மேடம் என்னைப் பார்க்கிறார். நாலாவது லேனில் ஜுனைதா, கூட்டுறவு பேங்கில் டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலிருந்தே பார்வை கிடையாது, காதில் ஹெட்போனோடு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சுவரைப் பார்ப்பது என் வேலை, அதனால் வேறு யாரும் பார்ப்பதில்லை. இதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். முதல் நாள் வகுப்பில் ஜுனைதா கேட்டாள், "சார், நான் தெரியாம யாரையாச்சும் சுட்டுட்டா?" எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. "நான் பார்த்துச் சொல்லாம நீ சுடவே மாட்டியேம்மா. பார்க்கிறதுக்குத்தானே நான் இருக்கேன், உனக்கென்ன கவலை" என்றேன். அப்போதே என் கண் இந்த லட்சணம்தான். எந்த வாயால் அதைச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்கிறார்கள். இந்த வகுப்பை ஆரம்பித்ததிலிருந்து, ரேஞ்சை நடத்துகிற கிளப்பின் செயலாளரைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும், "ஒரே ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அன்னைக்கே இதை இழுத்து மூடிடுவேன் வரதராஜுலு, அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். அவர் பேச்சுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய மனசு என்று யாராவது சொன்னால் கூசுகிறது. எப்படி ஆரம்பித்தது இது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவன் ஒருவன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான், கண் தெரியாத ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுடுகிறார், துப்பாக்கி நடுவை நெருங்க நெருங்கச் சத்தம் மேலே ஏறுகிறது, விலகினால் இறங்குகிறது. உடனே அவனைக் கூப்பிட்டேன், அந்தக் கருவி எங்கே கிடைக்கும், நம்ம ஊரில் இதை ஆரம்பித்தால் என்ன என்று மூச்சு விடாமல் பேசினேன். மாற்றுத்திறனாளிகளுக்காக என்றுதான் பேசினேன், அப்படித்தான் நினைத்தேனா? பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படி எனக்கு ஒரு சீட்டைப் பிடித்து வைத்தேனா? இல்லை, எட்வினை முதன்முதல் பார்த்தபோது அந்த எண்ணமே இல்லை. இருந்ததோ என்னவோ. மூன்று மாதமாக யாரிடமும் பேசாமல் இருந்தவன், முதல் குண்டு கார்டில் பட்டதும் ரோஸ்லினிடம் "இன்னொன்னு போடு" என்றான், அவ்வளவுதான் சொன்னான், அதற்கே அவள் ஓவென்று அழுதாள், அப்போது நானும் துண்டால் முகத்தைத் துடைத்தேன், அது எனக்காகத் துடைத்ததாக இருக்க முடியாது. அப்படியானால் எல்லோரும் போன பிறகு நான் மட்டும் தனியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை இறுக்க மூடிப் பார்த்தேனே, அது யாருக்காக? சத்தம் கொசு மாதிரி எங்கெங்கோ சுற்றியது. மேலே ஏறியது, பிடிப்பதற்குள் இறங்கிவிட்டது. வேர்த்து ஊற்றியது. நடு என்று ஒன்று அங்கே இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஜுனைதா அதை ஐந்து விநாடியில் பிடிக்கிறாள். எனக்கு அவள்மேல் பொறாமை, சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் பொறாமைதான். ஹெட்போனைக் கழற்றி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

சாம்பல் அசைகிறதா? அசைந்த மாதிரி இருந்தது. நான் கண்ணை அசைத்தால் அதுவும் அசையும், அதனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. வெயில் சுவரில் சாய்வாக விழுகிறது, பக்கத்து வேப்பமரத்தின் நிழலும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கும், அதுவாகக்கூட இருக்கலாம். பிச்சை என்று ஒரு குரல் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தேன், தொண்டையைக் கனைக்கிற மாதிரி, மெதுவாக, "பிச்சை?" பதில் இல்லை. அவன் எப்போது வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்கிறான்? காலையில் கேட்டைத் திறக்கும்போது வெற்றிலையைப் போட்டு அடக்கினால் பத்து மணிவரைக்கும் துப்ப மாட்டான். எது கேட்டாலும் தலையாட்டல்தான். இவ்வளவு நாளும் அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது, வாயாடாத ஆள் என்று நானே மெச்சியிருக்கிறேன். இப்போது அவன் அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறானோ, பொறுங்க சார், ஆணி கழண்டு கிடக்கு என்று. போன சனிக்கிழமையும் இப்படித்தான். லைன் கிளியர் என்று சொல்லிவிட்டேன், எட்வின் விரலை வைத்துவிட்டான், அப்போது பிச்சைமுத்து கார்டிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்ன சார், என்னைப் பார்த்துக்கிட்டே கிளியருங்கிறீங்க" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. ஏர் ரைஃபிள்தானே, அதனால் உயிர் போகாது என்பார்கள். கண் போகும். பிச்சைமுத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன.

"சார்?" இது ஜுனைதா. "ரெடி சார்." "இரும்மா" என்கிறேன், கொஞ்சம் அதட்டலாகவே. மூன்று வாரத்துக்கு முன்னால் இவளுக்கு நான் செய்ததை நினைத்தால் அதட்ட வாய் வரக் கூடாது. அன்றைக்கு ஒரு குண்டு போட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி, முகமெல்லாம் சிரிப்பாக, "எவ்வளவு சார்?" என்றாள். பிச்சைமுத்து கார்டைக் கொண்டுவந்து கொடுத்தான். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தூர வைத்துப் பார்த்தேன், ஓட்டையே இல்லை. "வெளிய போயிடுச்சும்மா" என்றேன். "இல்ல சார், சத்தம் உச்சியில நின்னுச்சு சார், அசையவே இல்ல." "சத்தம் நிக்கும். கடைசி நேரத்துல கை ஆடியிருக்கும். பழகப் பழகச் சரியாயிடும்" என்று பாடம் நடத்தினேன். அவள் முகம் சுருங்கியதா என்று எனக்குத் தெரியாது, ஹெட்போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள், அதுதான் தெரியும். வீட்டில் வந்து கார்டை மேஜைமேல் போட்டு, ஏதோ தோன்றி விரலால் தடவினேன். நட்டநடுவில் ஓட்டை. பத்துக்குப் பத்து. இதைவிட நடுவில் ஒருவராலும் சுட முடியாது, அவ்வளவு நடு, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால், எப்படி சார் தெரியாமப் போச்சு என்று கேட்பாள், அப்புறம் எல்லாம் வெளியே வரும். அந்த வாரம் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சத்தம் உச்சிக்கு வந்தாலும் அவள் நம்பாமல் இன்னும் தேடுகிறாள், ஐந்தும் ஆறுமாக விழுகிறது. நல்ல சுடுகிறவளை நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிஷமா, ஐந்து நிமிஷமா? மேடம் செருப்பைத் தட்டுவதை நிறுத்திவிட்டார், அது இன்னும் மோசம். நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை, பத்து மீட்டர்தானே, கார்டு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிப் போய், காலால் தட்டிப் பார்த்துவிட்டு, மிடுக்காகத் திரும்பி வரலாம். யாருக்கும் சந்தேகம் வராது. நான் இங்கே வந்து சேர்வதற்குள் வேறு யாராவது உள்ளே போனால்? போகட்டும், மறுபடி போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு சனிக்கிழமையும். கண் இதே நிலையில் நிற்கப்போவதும் இல்லை, அந்த டாக்டர் பெண் அதையும் சொல்லித்தான் அனுப்பினாள். சொல்லிவிட்டால்? ரேஞ்ச் ஆபீசர் கண் தெரியாதவர் என்று ஆனால் இன்றைக்கே கதவைச் சாத்துவார்கள், எட்வின் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான், கண்ணு தெரியாதவ கையில துப்பாக்கியைக் குடுக்கிறவன் என்ன வாத்தியார் என்று என் வாசலில் வந்து கத்திய ஜுனைதாவின் அண்ணன், நான் அப்பவே சொன்னேன்ல என்பான். சொல்லாவிட்டால்? சாம்பல். அது ஆளாக இருந்தால், அந்தக் குண்டைப் போடப்போவது நான் இல்லை, அவள். என் பேச்சை நம்பி அவள் சுடுவாள், ஆயுசுக்கும் அவள்தான் அதைத் தூக்கிக்கொண்டு அலைவாள். இதை ஏன் இவ்வளவு நேரம் நினைக்கவில்லை? பிச்சைமுத்துவை நினைத்தேன், செயலாளரை நினைத்தேன், என்னை நினைத்தேன். சரி, நேராகப் பார், ஒன்றும் இல்லை. அப்படியானால் கிளியர்தானே? என் கண்ணுக்குக் கிளியர் என்றால் உலகமே கிளியர்தான், பஸ் கிளியர், லாரி கிளியர். தள்ளிப் பார், இருக்கிறது. மேடத்தின் வளையல் கலகலக்கிறது, கடிகாரத்தைப் பார்க்கிறார் போலிருக்கிறது. சொல்லிவிடு. நூற்றுக்குத் தொண்ணூறு அது நிழல்தான். வாயைத் திற. திறந்துவிட்டேன். மூச்சை இழுத்தாகிவிட்டது, மார்பு நிறைந்துவிட்டது, வழக்கமான அந்தக் குரல் தயாராக இருக்கிறது, ஜுனைதாவின் தோள் துப்பாக்கியைத் தேடிப் போவது ஓரமாகத் தெரிகிறது.

"ஸ்டாப்!" என்று கத்தினேன். ஆரம்பிக்காத ஒன்றை நிறுத்தியவன் நானாகத்தான் இருப்பேன். ரோஸ்லின் கையிலிருந்து டப்பா விழுந்து பெல்லட்டெல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறி ஓடுகிற சத்தம் கேட்டது. "என்ன சார் ஆச்சு?" என்று மேடம் வந்தார். "எனக்குக் கண்ணு தெரியல மேடம்" என்றேன். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. "நாலாவது லேன்ல ஆள் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. யாராச்சும் பாருங்க. தயவுசெஞ்சு பாருங்க." ரோஸ்லின்தான் சுவர்ப் பக்கம் பார்த்து, "யாரும் இல்லையே சார்" என்றாள். "கீழ, கார்டுக்குக் கீழ, சாம்பல் கலர்ல." "அது சுவருங்க சார். காரை பேந்து கிடக்கு." என் முதுகுக்குப் பின்னால் வெற்றிலை வாசனை அடித்தது. யாரோ வேகமாக வெளியே போய்த் துப்பிவிட்டு ஓடிவந்தார்கள். "நான் அப்பவே வந்துட்டேனே சார், உங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறேன், கூப்பிட்டப்பகூடத் தலையாட்டினேனே" என்றான் பிச்சைமுத்து, அழுதுவிடுவான் போலிருந்தது. காரை பேந்த சுவர். ஒன்றுமில்லாததற்காக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இன்னும் ஒரு விநாடி பொறுத்து லைன் கிளியர் என்று சொல்லியிருந்தால் அது சரியாகத்தான் இருந்திருக்கும், யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது. செய்தது புத்திசாலித்தனமா முட்டாள்தனமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, தூணைத் தடவிப் பிடித்துக்கொண்டேன், எல்லோர் முன்னாலும், வெளிப்படையாகவே தடவி.

"எத்தனை நாளா சார்?" ஹெட்போனைக் கழற்றிவிட்டாள் ஜுனைதா. ஒன்றரை வருஷம் என்றேன். "அப்போ எனக்கு இவ்வளவு நாள் மார்க் சொன்னது?" "ஓரத்துல பட்டதெல்லாம் சரியாத்தான்மா சொன்னேன்." சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. "மூணு வாரம் முன்னாடி வெளிய போயிடுச்சுன்னு சொன்னேனே, அது பத்து." அவள் எழுந்திருந்தாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. "மூணு வாரமா என் காதையே நான் நம்பல சார். பேங்க்ல யார் பேசினாலும் சரியாக் கேக்குதா சரியாக் கேக்குதான்னு ரெண்டு ரெண்டு தடவை கேக்கிறேன். நீங்க பார்க்கிறீங்கன்னுதானே சார் நான் சுட்டேன்?" பரிதாபப்படுவார்கள் என்று பயந்துதான் ஒன்றரை வருஷம் மறைத்தேன், இங்கே ஒருத்தியும் பரிதாபப்படக் காணோம். மேடம் ஃபைலை மூடினார், அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே தெரியும். "இது நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும் சார். இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றவர், என்னிடம் இல்லாமல் அவர்கள் பக்கம் திரும்பி, "இன்னைக்கு நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். "எதுக்கு மேடம் நிறுத்தணும்?" என்றாள் ஜுனைதா. "என் கண்ணு எப்பவும் போலத்தான் இருக்கு. பார்க்கிறதுக்கு வேற ஆளப் போடுங்க."

"ரோஸ்லின் பார்ப்பா" என்றான் எட்வின். "நானா?" என்றாள் அவள். "லோடர் பேசக் கூடாது" என்று என் வாய் தானாகச் சொன்னது, மூன்று மாதமாக அவளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அவளுக்கு எல்லாம் தெரியும் சார். வீட்டுல உங்கள மாதிரியே சொல்லிக் காட்டுவா" என்றான். "நானும் கூட நிக்கிறேன், நானும் பார்க்கிறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். அடுத்த வாரத்துக்குள்ள தகுதியான ரேஞ்ச் ஆபீசர் ஒருத்தர் வரட்டும், வந்த பிறகுதான் கையெழுத்து" என்றார் மேடம். பிச்சைமுத்து லோடர் ஆனான். ரோஸ்லின் நான் நிற்கிற இடத்துக்கு வந்தாள். நான் நகர வேண்டுமே, எந்தப் பக்கம் நகர்வது, இத்தனை வருஷத்தில் அந்த இடத்திலிருந்து யாருக்காகவும் நகர்ந்ததில்லை. மூன்றடி பின்னால் போனேன். அவள் இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள், மெதுவாக, ஒவ்வொரு லேனாக, குனிந்து ஒரு தடவை, நிமிர்ந்து ஒரு தடவை, நான் ஒருநாளும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. சந்தோஷப்பட வேண்டும். வயிறு எரிந்தது. "லைன் கிளியர்" என்றாள், அச்சு அசல் என் குரல், கடைசியில் இழுக்கிற இழுப்புகூட, ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னாள். "லோட்." "ஸ்டார்ட்." ஜுனைதாவின் ஹெட்போனிலிருந்து சத்தம் மெலிசாக வெளியே கசிந்தது, ஏறியது, இறங்கியது, ஏறியது, நின்றது. டப்.

ரோஸ்லின் ஸ்டாப் சொன்ன பிறகு பிச்சைமுத்து போய்க் கார்டைக் கழற்றிக்கொண்டு வந்தான், பழக்க தோஷத்தில் நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். நானும் கையை நீட்டிவிட்டேன். "சார்கிட்டக் குடுக்காதீங்க. மேடம் பார்க்கட்டும்" என்றாள் ஜுனைதா. அவளுக்கு எப்படித் தெரிந்தது, செருப்புச் சத்தம் என் பக்கம் வந்ததை வைத்துத்தான் இருக்கும். கார்டு என் விரல் நுனிவரைக்கும் வந்துவிட்டுப் போயிற்று. "எட்டு" என்றார் மேடம். "எட்டா" என்றாள் அவள், எட்டா என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், "ஆமா, கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டேன். சரி, அடுத்தது போடுங்க." நான் சொல்லியிருந்தால் அவள் இப்படி ஆமா என்றிருப்பாளா? அழுகை வந்தது, கோபமும் வந்தது, அவள் கேட்டது நியாயம்தான் என்றும் இருந்தது, இதில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இனி இங்கே எனக்கு என்ன வேலை, பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம், சத்தம் போடாமல் போனால் யாருக்கும் தெரியாது. தூணை விட்டுவிட்டு வாசல் பக்கம் இரண்டடி வைத்தேன். "ரோஸ்லின் அக்கா, சார் எங்க நிக்கிறாரு?" என்று ஜுனைதா கேட்பது காதில் விழுந்தது. "பின்னாடிதான், தூண்கிட்ட." "அங்கயே இருக்கச் சொல்லுங்க. போயிடப் போறாரு" என்றாள், கோபம் கொஞ்சமும் குறையாத குரலில். "இங்கதாம்மா இருக்கேன்" என்றேன். அதற்குள் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டாள்.